சிட்டு உன்னை மறக்கவில்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது, கொல்லைப் பக்கம் கால் வைக்க முடியவில்லை. இதை போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் "சரிப்பா, சரிப்பா" என்று கேட்டுக்கொள்கிற விஷயமில்லை இது. உட்கார்ந்து படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தை மாதம் நீ வந்தபோது, தோள் பையைக்கூட இறக்காமல் ஓடிப்போய் நம் பூனை சிட்டுவைத் தூக்கினாய். அது சீறி, உன் மணிக்கட்டில் பிறாண்டிவிட்டு பீரோவுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொண்டது. "என்னை மறந்துடுச்சுப்பா" என்று எங்கள் எதிரில் சிரித்தாய். ராத்திரி மாடி அறையில் நீ அழுததும் எனக்குத் தெரியும். "வயசாயிடுச்சும்மா, அதுக்குக் குணம் மாறிப்போச்சு" என்று ஏதோ சொல்லித் தேற்றினேன். நான் சொன்னது தவறு, பாப்பா. அந்தத் தவறோடு உன்னை அனுப்பிவைத்தது பத்து மாதமாக மனதில் கிடக்கிறது.

நீ போனபிறகு அது இன்னும் மாறியது. வாசல் மிதியடியில் மூத்திரம் போக ஆரம்பித்தது. தடவப் போனால் இடுப்புப் பக்கம் கை பட்டதும் திரும்பிக் கடிக்க வந்தது. நாளெல்லாம் நக்கி நக்கிப் பளபளவென்று வைத்திருக்குமே, அந்த முதுகு முடி சிக்குப் பிடித்துத் திரிதிரியாகத் தொங்கியது. அம்மா திட்டித் தீர்த்தாள். நான் ஒருநாள் செய்தித்தாளைச் சுருட்டி அதன் மேல் ஒரு தட்டுத் தட்டிவிட்டேன். அது ஓடக்கூட இல்லை. அப்படியே தரையோடு ஒடுங்கி என்னைப் பார்த்தது. அந்தப் பார்வையை இப்போது நினைத்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அப்புறம் ராத்திரிக் கத்தல். இரண்டு மணி, இரண்டரை மணிக்குக் கூடத்தில் நின்றுகொண்டு, சுவரைப் பார்த்து, அடிவயிற்றிலிருந்து ஒரு குரல். பசிக் குரலும் இல்லை, கடுவனைக் கூப்பிடுகிற குரலும் இல்லை. விளக்கைப் போட்டு "சிட்டு" என்று பக்கத்தில் போனால் திடுக்கிட்டுத் திரும்பும், என்னைக் கண்டதும் அடங்கிவிடும். உன் அப்பாயி கடைசி இரண்டு வருஷம் எப்படி இருந்தாள் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? பொழுது சாய்ந்ததும் மூட்டையைக் கட்டிக்கொண்டு "எங்க வீட்டுக்குக் கொண்டுபோய் விடு" என்பாள், அறுபது வருஷம் வாழ்ந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு. நாலாவது ராத்திரி சிட்டுவைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்தபோது எனக்கு என் அம்மாவின் ஞாபகம் வந்துவிட்டது. மறுநாள் காலையிலேயே கூடையில் வைத்து கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன்.

டாக்டரம்மா சின்ன வயதுதான், உன் வயது இருக்கும். பொறுமையாகப் பார்த்தார். என்ன வயது என்று கேட்டார். நீ எட்டாவது படிக்கும்போது, 2009இல் கொண்டுவந்தாய், பதினாறு என்றேன். பூனையின் முதல் வருஷத்தை மனிதருக்குப் பதினைந்து என்றும், இரண்டாவது வருஷம் முடிந்தால் இருபத்து நாலு என்றும், அதற்குமேல் வருஷத்துக்கு நாலு நாலாகவும் கணக்கு வைப்பார்களாம். அப்படிப் பார்த்தால் சிட்டுவுக்கு எண்பது. எண்பது வயதுக் கிழவியைத்தான் நான் பேப்பரால் அடித்திருக்கிறேன்.

இடுப்பை மெல்ல அழுத்திப் பார்த்துவிட்டு எக்ஸ்ரே எடுத்தார். இடுப்பு மூட்டும் முழங்கால் மூட்டும் தேய்ந்திருக்கின்றன. பன்னிரண்டு வயதைத் தாண்டிய பூனைகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மூட்டுத் தேய்மானம் இருந்ததாம். ஆனால் நாயைப் போல நொண்டிக் காட்டாது, முனகாது. வேட்டையாடுகிற பிராணி, அதே சமயம் தன்னைவிடப் பெரியதற்கு இரையாகவும் கூடியது; அதனால் வலியை மறைப்பது அதன் பிறவிக் குணம் என்றார். வேறு வழியில்தான் வெளியே தெரியும். தாவுவதை நிறுத்தும். உடம்பை வளைக்க முடியாததால் முதுகை நக்காது. மூத்திரம் போக வைத்திருக்கிற மண் தட்டின் விளிம்பு உயரமாக இருந்தால் ஏறி இறங்க வலித்து, தட்டுக்கு வெளியே போய்விடும்.

யோசித்துப் பார்த்தால் எல்லாம் கண் முன்னேதான் நடந்திருக்கிறது. பரணில் படுத்திருந்தது பீரோ உச்சிக்கு வந்தது, பீரோவிலிருந்து நாற்காலிக்கு வந்தது, போன வருஷத்திலிருந்து தரையில். ஒவ்வொரு படியாக அது இறங்கியதை நான் "சாதுவாயிடுச்சு" என்று சொல்லிச் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

இப்போது புரிகிறதா? நீ அன்றைக்கு ஒரு கையை அதன் இடுப்புக்குக் கொடுத்துத்தான் தூக்கினாய், சின்னக் குட்டியிலிருந்து தூக்குகிற மாதிரியே. அது சீறியது உன்னைப் பார்த்து இல்லை.

ரத்தமும் எடுத்தார்கள். வயதான பூனை திடீரென்று குணம் மாறினால் முதலில் உடம்பைத்தான் சந்தேகப்பட வேண்டும் என்பது டாக்டரம்மா எனக்குச் சொன்ன பாடம். தைராய்டு மிஞ்சினால் கண்டபடி தின்றும் இளைக்கும், நிலைகொள்ளாமல் அலையும், ராத்திரி கத்தும். ரத்த அழுத்தம் ஏறினால் ஒரே நாளில் பார்வைகூடப் போய்விடலாம். சிட்டுவுக்குத் தைராய்டும் அழுத்தமும் சரியாக இருக்கின்றன. சிறுநீரகம் கொஞ்சம் தளர ஆரம்பித்திருக்கிறது, அதனால்தான் அண்டா ஓரம் நின்று அத்தனை தண்ணீர் குடிக்கிறது. காது மந்தம். வீடியோ காலில் நீ "சிட்டூ" என்று கூப்பிடக் கூப்பிட அது காதைக்கூட அசைக்கவில்லை என்று வருத்தப்பட்டாயே, காரணம் அதுதான்.

மிச்சம் இருக்கிற அந்த நடுராத்திரிக் குழப்பம் மூளையின் முதுமை. மனிதருக்கு வருகிற மறதி நோய் போலவே பூனைக்கும் உண்டாம். பதினொன்றிலிருந்து பதினாலு வயதுக்குள் நூற்றுக்கு இருபத்தெட்டுப் பூனைகளுக்கு இந்த மாதிரி ஏதாவது ஒரு மாற்றம் தெரியும் என்றும், பதினைந்தைத் தாண்டினால் பாதிக்குப் பாதி என்றும் சொன்னார். இடம் குழம்பும், பகல் இரவு மாறும், சிலது ஒட்டாமல் விலகும், சிலது விடாமல் ஒட்டிக்கொள்ளும். நம் சிட்டு இரண்டும் செய்கிறது. காலையில் கிட்டே வராது. பொழுது சாய்ந்தால் நான் எழுந்தால் எழும், உட்கார்ந்தால் உட்காரும், குளியலறை வாசலில்கூட வந்து நிற்கும்.

அதன் ஒவ்வொரு வயதும் எனக்குக் கண்ணில் நிற்கிறது. நீ அதை வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்து பாவாடையில் சுற்றிக் கொண்டுவந்தபோது ஆறு வாரம் இருக்கும். பிறந்து இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள் மனிதக் கை பட்ட குட்டிதான் மனிதரிடம் பயமில்லாமல் வளருமாம். இன்னும் பத்து நாள் தாமதித்திருந்தால் அது கொல்லைப் பூனையாகவே போயிருக்கும். முதல் வருஷம் திரைச்சீலை ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. ஒரே ஒரு ஈற்று, அப்புறம் கருத்தடை. மூன்று வயதில் கூடவே வளர்ந்த சாம்பல் பூனையை வீட்டுக்குள் விடமாட்டேன் என்று தினம் சண்டை போட்டது. அந்த வயதில்தான் பூனை பெரிய மனுஷியாகித் தன் எல்லையை வகுத்துக்கொள்ளும் என்று இப்போது தெரிந்துகொண்டேன். நீ டொராண்டோ போனபோது அதற்குப் பத்து வயது. ஒரு வாரம் உன் தலையணையை விட்டு நகரவில்லை. அம்மா உறையைத் துவைத்துப் போட்ட அன்றுதான் எழுந்து சாப்பிட வந்தது. அம்மா அதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றாள். இன்று சொல்கிறேன்.

நீ கவலைப்படுவாய் என்பதால் இங்கே செய்திருப்பதையும் எழுதுகிறேன். சிறுநீரகத்தைக் கணக்கில் வைத்து, சொட்டுக் கணக்கில் ஒரு வலி மருந்து. பக்கத்து வீட்டில் பாராசிட்டமால் அரை மாத்திரை கொடுக்கச் சொன்னார்கள். நல்ல வேளை, கேட்காமல் கொடுக்கவில்லை. பூனையின் கல்லீரலுக்கு அதைச் செரித்து வெளியேற்றும் சக்தி கிடையாது, ஒரு மாத்திரையே உயிரைக் குடித்துவிடும் என்று டாக்டரம்மா பதறிவிட்டார். உன் தோழிகள் யாராவது பூனை வைத்திருந்தால் இதை மட்டும் மறக்காமல் சொல். முன்னங்காலில் ஒரு நகம் தேயாமல் வளைந்து வளர்ந்து பாதத்திலேயே குத்தியிருந்தது, வெட்டிவிட்டார்கள். இப்போது பதினைந்து நாளுக்கு ஒருமுறை நானே பார்க்கிறேன்.

மண் தட்டுக்கு ஒரு பக்கம் விளிம்பை அறுத்துவிட்டேன், அன்றிலிருந்து மிதியடி காய்ந்திருக்கிறது. ஜன்னலுக்கு ஏற இரண்டு பலகையை ஆணி அடித்துப் படி மாதிரி வைத்தேன். கூடத்தில் ராத்திரி முழுக்க ஜீரோ வாட்ஸ் பல்பு எரிகிறது, கட்டில் நாற்காலி எதையும் இடம் மாற்றுவதில்லை. சங்கரா மீனை உப்பில்லாமல் வேகவைத்து முள் எடுத்து, வெதுவெதுப்பாக நாலு வேளை கொடுக்கிறோம். ஆறினால் வாசனை எட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. கத்தல் முழுவதும் நிற்கவில்லை. கத்தினால் எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன், அவ்வளவுதான். எனக்கும்தான் அந்த நேரத்தில் தூக்கம் வருவதில்லை.

அடுத்த முறை வரும்போது தூக்காதே. தரையில் உட்கார். கூப்பிடாதே, அதற்குக் கேட்காது. ஒரு விரலை அதன் மூக்குக்கு முன்னால் நீட்டிக்கொண்டு, கண்ணை மெதுவாக மூடித் திற. நேரம் எடுத்துக்கொள்ளும். அது வந்து முகர்ந்து தாடையைத் தேய்க்கும்வரை காத்திரு. பிறகு கன்னத்தில் மட்டும் சொறிந்துவிடு.

அதற்கு முன்னால் ஒரு காரியம் செய். நீ கட்டிப் பழகிய துப்பட்டா ஒன்றை, கவரில் போட்டு இறுக ஒட்டி அனுப்பு. காதும் கண்ணும் மங்கினாலும் தெரிந்தவர்களின் வாசனை இன்னும் அதற்குப் பிடிபடுகிறது. துவைக்காமல் அனுப்பு. பார்சலை நானே பிரிக்கிறேன், அம்மா கையில் கிடைத்தால் நேரே சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுவிடுவாள்.

அன்புடன்,
அப்பா
திருவாரூர்