பிரிட்ஜை ஒட்டாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பரணில் கிடக்கும் பழைய பொருட்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் படித்ததும் எங்கள் வீட்டு கிட்டார்தான் ஞாபகம் வந்தது. குன்னூர் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது என் மாமா வாங்கி வந்த ஹாஃப்னர், ஜெர்மனியில் செய்தது. நடுவில் வட்டத் துளை கிடையாது, வயலின் மாதிரி இரண்டு பக்கமும் எஃப் வடிவத் துளை, மேல்பலகை வளைந்து மேடாக இருக்கும். ஆர்ச்டாப் என்பார்கள்.

இந்த வகையில் பிரிட்ஜை, அதாவது கம்பிகளைத் தாங்கும் மரக்கட்டையை, பலகையோடு ஒட்டியிருக்க மாட்டார்கள், கம்பிகளின் அழுத்தத்தில்தான் அது நிற்கும். போன வருடம் கம்பி மாற்றக் கீழே ஒரு கடையில் கொடுத்தேன். எல்லாக் கம்பியையும் ஒரேயடியாகக் கழற்றியதும் பிரிட்ஜ் கையோடு வந்திருக்கிறது. உடைந்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, ஃபெவிகால் போட்டு ஒட்டி, மேலே பளபளவென்று வார்னிஷும் அடித்து, "புதுசு மாதிரி ஆயிடுச்சு சார்" என்று தந்தார். ஒட்டியது கழுத்துப் பக்கமாக இரண்டு நூல் தள்ளி. கம்பியை அப்படியே மீட்டினால் சுருதி சரி, கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளில் (ஃப்ரெட்) பன்னிரண்டாவதில் பிடித்தால் சுருதி ஏறி நிற்கிறது.

பிரிட்ஜை உயர்த்தவும் இறக்கவும் அதன் இரு முனையிலும் குட்டித் திருகுச் சக்கரம் உண்டு. கோத்தகிரியில் அதற்கு வேலை அதிகம். ஐப்பசி மழையில் பலகை ஈரம் குடித்து எழும்பும், கம்பி உயர்ந்து விரல் நோகும். ஜனவரியில் உறைபனி விழுந்து காற்று காய்ந்ததும் பலகை இறங்கி, கம்பி ஃப்ரெட்டில் பட்டு இரையும். சக்கரத்தைக் கொஞ்சம் திருகினால் சரியாகிவிடும். அந்தச் சக்கரத்துக்குள்ளும் பசை இறங்கிவிட்டது!

ஈரத்துணி போட்டுப் போட்டு இரண்டு நாளில் பிரிட்ஜை எடுத்துவிட்டேன், சக்கரமும் சுற்றுகிறது. வார்னிஷை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. ஆர்ச்டாப் நீளமாக ரீங்கரிக்காது, சட்டென்று கணீரென எழுந்து அடங்கும். மேடையில் டிரம்பெட்டுக்கும் டிரம்ஸுக்கும் நடுவே காதில் விழ வேண்டுமே, 1922-ல் கிப்சன் கம்பெனியின் எல்-5 என்ற ஆர்ச்டாப் வந்த காலத்தில் கிட்டாருக்கு ஆம்ப்ளிஃபையர் ஏது. எங்களுடையது இப்போது அந்த வார்னிஷால் கம்பளி போர்த்திக்கொண்டு பேசுவது போல இருக்கிறது.

இப்படி ஒன்று வைத்திருப்பவர்கள் கம்பியை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். பிரிட்ஜ் நிற்கும் இடத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கடைக்காரரிடம் வாயால் சொன்னால் போதாது. நான் பெட்டிக்குள் ஒரு சீட்டு ஒட்டிவிட்டேன்: "பிரிட்ஜ் கழன்று வரும். ஒட்ட வேண்டாம்."

– ஒரு வாசகர், கோத்தகிரி