மொன்டானா விவசாயியும் வங்கிப் பணமும்

விருதுநகர்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலிக்கு மாத்திரையை மட்டும் நம்பாதே, காலையில் கொஞ்சம் நட. இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவள் பி.காம். இரண்டாம் வருஷம். மண்டிக் கணக்கு முழுவதும் இப்போது அவள் கையில். நான் பழைய நோட்டை எடுத்தாலே முறைக்கிறாள்.

"ஏர் பிடித்தவன் சபைக்குப் போனாலும் காசு கொடுத்தவன் பேச்சைத்தானே கேட்பான்" என்று எழுதியிருந்தாய். நீ நம்ம ஊர் ஆட்களை மனதில் வைத்து எழுதியிருப்பாய். எனக்கு நினைவுக்கு வந்தது அமெரிக்காவில் ஒருத்தர். பெயர் ஜான் டெஸ்டர். ஜனநாயகக் கட்சிக்காரர். மொன்டானா மாநிலத்து செனட்டராக (அந்த நாட்டு நாடாளுமன்ற மேல்சபை உறுப்பினர்) மூன்று தவணை, 18 வருஷம் இருந்துவிட்டு 2024 தேர்தலில் தோற்றவர்.

பருப்பு மண்டிக்காரனுக்கு அந்த ஊர் எப்படித் தெரியும் என்று கேட்காதே. அமெரிக்காவில் மசூர் பருப்பு அதிகம் விளைகிற இடமே மொன்டானாதான். 2019-இல் நம் அரசு அமெரிக்கப் பருப்புக்குக் கூடுதல் வரி போட்டபோது அந்த மாநிலத்து அரசியல்வாதிகள் போட்ட சத்தம் இங்கே வரை கேட்டது. 2023-இல் அந்தக் கூடுதல் வரி போய்விட்டது. ஆனால் டெஸ்டரைப் பற்றித் தேடிப் படிக்கிற பழக்கம் எனக்குப் போகவில்லை.

பிக் சாண்டி என்ற சின்ன ஊர்ப் பக்கம் தாத்தா காலத்து நிலம், 1,800 ஏக்கர். அங்கே அது பெரிய பண்ணை இல்லையாம்! கோதுமை, பார்லி, பட்டாணி, மசூர், எல்லாம் இயற்கை விவசாயம். அப்பா அம்மா பண்ணையிலேயே இறைச்சி வெட்டிக் கொடுக்கும் தொழிலும் பார்த்தார்கள். ஒன்பது வயதில் கறி அரைக்கும் மெஷினில் கையைக் கொடுத்து இடது கையில் மூன்று விரல் போய்விட்டது. கொஞ்ச காலம் பள்ளியில் பாட்டு வாத்தியார். செனட்டர் ஆன பிறகும் ஊருக்கு வந்து டிராக்டர் ஓட்டினார், தன் பண்ணைக் கறியைப் பெட்டியில் வைத்து வாஷிங்டனுக்குக் கொண்டுபோனார். படத்துக்குப் போஸ் கொடுக்கிற விவசாயி இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அரசியலுக்கு வந்ததே மின்சாரக் கட்டணத்தால்தான். 1997-இல் மாநிலம் மின்சாரத்தைத் தனியார் சந்தைக்குத் திறந்துவிட்டது. அந்தக் கோபத்தில் 1998-இல் மாநில செனட்டுக்கு நின்று ஜெயித்தார். 2006-இல் அமெரிக்க செனட்டுக்கு. எதிரில் கான்ராட் பர்ன்ஸ், மூன்று முறை ஜெயித்தவர். ஜாக் அப்ரமாஃப் என்ற ஊழல் லாபிக்காரர் (காசு வாங்கிக்கொண்டு அரசியல்வாதிகளிடம் காரியம் சாதித்துக் கொடுக்கிற தரகர்) வட்டத்திலிருந்து பர்ன்ஸுக்கு வந்த சுமார் ஒன்றரை லட்சம் டாலர்தான் அந்தத் தேர்தலின் பேச்சே. நாலாயிரத்துக்கும் குறைவான ஓட்டில் டெஸ்டர் ஜெயித்தார். போனதும் தினமும் யாரைச் சந்திக்கிறார் என்பதை இணையத்தில் போட ஆரம்பித்தார்.

சரி, சட்டத்துக்கு வருவோம். எனக்குப் பிடித்தது 2011 ஜனவரியில் கையெழுத்தான உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அவர் சேர்த்த திருத்தம். பெரிய தொழிற்சாலைக்குப் போடுகிற விதியையெல்லாம் சந்தையில் தக்காளி விற்கிறவன் தலையிலும் கட்டக்கூடாது என்பது வாதம். வருஷ விற்பனை 5 லட்சம் டாலருக்குள் இருக்க வேண்டும். அதில் பாதிக்கு மேல் நேராகச் சாப்பிடுகிறவர்களுக்கோ, அதே மாநிலத்துக்குள் அல்லது 275 மைல் தூரத்துக்குள் இருக்கிற கடைக்கோ உணவகத்துக்கோ போக வேண்டும். அப்படிப்பட்டவருக்குத் தளர்வு. 275 மைல் என்றால் நம்ம விருதுநகரிலிருந்து ஏறக்குறைய செங்கல்பட்டு வரை. பெரிய காய்கறி வியாபாரச் சங்கங்கள் எதிர்த்து நின்றன. அப்படியும் நிறைவேறியது. மண்டியில் உட்கார்ந்திருக்கிற எனக்கு அந்த வரிகளைப் படிக்கும்போதே தெரிகிறது, விற்றுப் பார்த்தவன் எழுதியது என்று.

இன்னொன்று 2022-இல் வந்த முன்னாள் படைவீரர் சட்டம். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் முகாம் குப்பையைக் குழியில் போட்டு எரித்த புகையைச் சுவாசித்து நோயாளி ஆனவர்களுக்கு சிகிச்சையும் ஈட்டுத்தொகையும். அப்போது செனட்டின் படைவீரர் குழுவுக்குத் தலைவர் டெஸ்டர். ஜூலையில் செனட்டில் மசோதா முட்டி நின்றபோது படைவீரர்கள் நாடாளுமன்றப் படிக்கட்டிலேயே படுத்துக் கிடந்தார்கள். ஆகஸ்டில் 86-க்கு 11 என்று தேறியது.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். கடையில் டெபிட் கார்டைத் தேய்க்கும்போது கடைக்காரரிடம் வங்கி பிடித்துக்கொண்ட கட்டணம் அப்போது சராசரி 44 சென்ட். அதை வெகுவாகக் குறைக்கச் சொல்லி 2010-இல் சட்டம் வந்தது. ஆயிரம் கோடி டாலர் சொத்துக்குக் கீழே உள்ள வங்கிகளுக்கு விலக்கும் இருந்தது. 2011 ஜூனில் அந்த விதியைத் தள்ளிப்போட டெஸ்டர் திருத்தம் கொண்டுவந்தார். விலக்கு இருந்தாலும் சந்தையில் சின்ன வங்கியும் கட்டணத்தைக் குறைத்தாக வேண்டும், கிராமத்து வங்கி செத்துவிடும் என்றார். 54 ஓட்டு கிடைத்தது, தேவை 60. தோற்றது. தேய்ப்புக் கட்டணம் குறைந்தால் லாபம் யாருக்கு? அதே கிராமத்து மளிகைக் கடைக்காரருக்கு. தள்ளிப்போட்டால் அதிகம் லாபம் யாருக்கு? விலக்கு இல்லாத பெரிய வங்கிகளுக்கு.

2018-லும் அதே கதை. வங்கிகளைக் கடுமையாகக் கண்காணிக்கிற சொத்து வரம்பை 5,000 கோடி டாலரிலிருந்து 25,000 கோடிக்கு உயர்த்திய சட்டத்துக்கு இவர் ஆதரவு திரட்டினார். கிராமத்து வங்கிக்காக என்றுதான் அப்போதும் சொன்னார். ஐந்து வருஷத்தில், 2023 மார்ச்சில், அந்த வரம்புக்குக் கீழே இருந்த சிலிகான் வேலி வங்கி கவிழ்ந்தது. கவிழ்ந்ததற்குப் பல காரணம், சட்டத்தை மட்டும் சொல்ல முடியாது. ஆனால் 25,000 கோடி என்ற எண்ணில் எந்தக் கிராமத்து வங்கி இருக்கிறது? 2018 தேர்தலில் வணிக வங்கிகளிடம் அதிகம் நன்கொடை வாங்கிய செனட்டர்களின் வரிசையில் இவர் முன்னால். லாபிக்காரர்களிடம் வாங்கியவர்கள் வரிசையிலும் அப்படியே. பர்ன்ஸை எதைச் சொல்லித் தோற்கடித்தாரோ அதே வரிசை!

அதற்காக விலைபோனார் என்று எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. தேர்தல் கணக்கை வெளியே கொண்டுவந்ததிலும் அவர் பங்கு பெரியது. செனட் வேட்பாளர்கள் 2018 வரை நிதிக்கணக்கைக் காகிதத்தில்தான் கொடுப்பார்கள். அதை ஸ்கேன் எடுத்து, திரும்பவும் டைப் அடித்து, மக்கள் பார்க்கிற நேரத்தில் தேர்தலே முடிந்திருக்கும். கணினி வழியாகத்தான் தர வேண்டும் என்று வருஷக்கணக்கில் மசோதா போட்டு, கடைசியில் அந்த வருஷம் ஒரு பட்ஜெட் சட்டத்தோடு சேர்த்து நிறைவேற்றிவிட்டார். தன் வங்கிப் பணத்தை நாம் சுலபமாகப் பார்க்க வழி செய்தவரும் அவரே.

மொன்டானாவுக்கு இதில் பழைய காயம் உண்டு. 1899-இல் வில்லியம் கிளார்க் என்ற செம்புச் சுரங்க முதலாளி, மாநில சட்டசபை உறுப்பினர்களுக்கு (அப்போது செனட்டரைத் தேர்ந்தெடுத்தது அவர்கள்தான்) உறையில் பணம் வைத்துக் கொடுத்து செனட்டர் ஆனார், மறுவருஷம் விலகினார். (கவர் கொடுக்கிற கலையை நம்ம ஊர்தான் கண்டுபிடித்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.) அந்த ஆத்திரத்தில் 1912-இல் மக்களே ஓட்டுப் போட்டு, கம்பெனிப் பணம் தேர்தலில் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தார்கள். நூறு வருஷம் நின்ற சட்டம். 2012-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று அதைச் செல்லாமல் ஆக்கியது.

அதன் பிறகு வெள்ளம்தான். 2006-இல் டெஸ்டர் செலவழித்தது ஐம்பது லட்சம் டாலர் சொச்சம். 2024-இல் அவர் திரட்டியதே 8 கோடிக்கு மேல். இரண்டு கட்சி, வெளிக்குழுக்கள் எல்லாம் சேர்ந்து 25 கோடிக்கு மேல். பதிவான ஓட்டு சுமார் 6 லட்சம். ஓட்டுக்கு 400 டாலருக்கு மேல் ஆகிறது! இதில் பெரும்பகுதி மொன்டானாவையே பார்க்காதவர்கள் அனுப்பியது. முடிவில் டிரம்பின் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த டிம் ஷீஹி ஏழு சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்த மாநிலத்தில் டிரம்ப் 20 சதவீதம் முன்னால் இருந்த வருஷம் அது, இவர் திரட்டிய பணம் கைகொடுக்கவில்லை.

அதனால் நீ சொன்னது எனக்குப் பாதிதான் சரியாகப் படுகிறது. தக்காளிக்காரருக்கும் புகை குடித்த சிப்பாய்க்கும் அவர் நின்றபோது பின்னால் பெரிய பணம் இல்லை. வங்கி விஷயத்தில் மட்டும் பணமும் அவர் நம்பிக்கையும் ஒரே திசையில் போயின. எது எதை இழுத்தது என்று வெளியிலிருந்து சொல்ல முடியவில்லை. நீ முப்பது வருஷம் கூட்டுறவு வங்கியில் குப்பை கொட்டியவன். அந்த 2011 கட்டண விஷயத்தில் சின்ன வங்கி செத்துவிடும் என்ற பயம் நிஜமானதா, பெரிய வங்கி சொல்லிக்கொடுத்ததா? உனக்கு என்ன தோன்றுகிறது, விவரமாக எழுது.

வீட்டில் தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
பாண்டியன்