கண்ணாடித் துண்டைக் கூட்டுமுன்னே

டர்பன்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது.

கேப்டவுனில் அரங்கப் பாதுகாப்பு வேலையில் சேர்ந்துவிட்டாய். ஆட்டம் முடிந்து கலவரம் வெடித்தால் எதை முதலில் செய்வது என்று கேட்டிருந்தாய். அடிபட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனதும் துப்புரவு ஆட்களை வாசலிலேயே நிறுத்து. விடியற்காலையில் அவர்கள் துடைப்பத்தோடு உள்ளே போனால் பாதி சாட்சியம் குப்பைப் பைக்குள் போய்விடும். உடைந்த நாற்காலி ஒவ்வொன்றையும் வரிசை எண் தெரியப் படம் எடுத்த பிறகு கூட்டட்டும்.

அடுத்து கேமராப் பதிவு. பதிவுப் பெட்டி நிறைந்ததும் பழையதை அழித்து அதன் மேலேயே எழுதும். அன்றிரவே நகல் எடு. எடுக்கும் முன், யாரையாவது ஃபோனைத் திரைக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லி, இரண்டு நேரமும் ஒரே படத்தில் விழும்படி எடுத்து வை. பெட்டியின் கடிகாரம் ஏழு நிமிடம் பிந்தி ஓடியிருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் அதையே பிடித்துக்கொள்வார். மூலப் பதிவு பூட்டுக்குள் இருக்கட்டும். நகல் கை மாறும்போதெல்லாம் பெயர், நேரம், கையெழுத்து மூன்றும் வேண்டும்.

கனடாவின் வான்கூவரில் 2011 ஜூன் 15 இரவு, ஐஸ் ஹாக்கி இறுதி ஆட்டத்தில் உள்ளூர் அணி தோற்றதும் நகரமே கலவரமானது. அங்கே போலீசார் சுமார் 5,000 மணி நேர வீடியோவை அலசினார்கள். வழக்குகள் தொடங்கவே மாதக்கணக்கில் ஆனது. ஜனங்கள் பொறுமை இழந்து திட்டினார்கள். ஆனாலும் 300 பேருக்கு மேல் வழக்குப் பதிவானது, பெரும்பாலோர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

உடைத்தவனைப் பிடிப்பது பாதி வேலைதான். உடைக்க வழிவிட்டது யார் என்று கேட்பதுதான் கஷ்டம், அதை எல்லோரும் தள்ளிப்போடுவார்கள். நம் மோசஸ் மபிடா அரங்கில் 2018 ஏப்ரல் 21 அன்று கைசர் சீஃப்ஸ் கால்பந்து அணி 0-2 என்று தோற்றதும் ரசிகர்கள் மைதானத்துக்குள் பாய்ந்தார்கள். காவலாளிகள் அடிபட்டார்கள். நஷ்டம் சுமார் 26 லட்சம் ராண்ட் என்றார்கள். லீக் கொடுத்த தண்டனையில் ரசிகர் இல்லாத இரண்டு ஆட்டங்களும் இருந்தன. வெற்று அரங்கால் வாசலில் சோளம் சுட்டு விற்கிறவளுக்கும் அன்றைய வருமானம் போகும். அது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஜோகன்னஸ்பர்க்கின் எல்லிஸ் பார்க் அரங்கை நினைத்துப் பார். 2001 ஏப்ரல் 11 அன்று நெரிசலில் 43 உயிர் போனது. நீதிபதி ங்கோயெப்பே விசாரித்து அறிக்கை கொடுத்தார். விளையாட்டு நிகழ்ச்சிப் பாதுகாப்புச் சட்டம் வர 2010 ஆகிவிட்டது. அந்தச் சட்டப்படி ஆட்டத்துக்கு முன்பே ஆபத்தின் அளவைக் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று வகுக்க வேண்டும். ஆகவே அதை முடிவு செய்த ஆலோசனைக் கூட்டத்தின் குறிப்பேட்டை முதலில் கேட்டு வாங்கு. எந்த வகை என்று யார் முடிவு செய்தார், எந்தத் தகவலை வைத்து என்று அதில் இருக்கும். பிறகு காவல் கம்பெனியின் ஒப்பந்தத்தையும் அன்றைய வருகைப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வை. ஒப்பந்தத்தில் எத்தனை பேர், வாசலில் நின்றவர் எத்தனை பேர், அதில் காவலாளியாகப் பதிவு செய்தவர் எத்தனை பேர்? அங்கேதான் பெரும்பாலும் ஓட்டை தெரியும். கட்டுப்பாட்டு அறையின் நிகழ்வுப் பதிவேட்டையும் அன்றே கையில் எடு. மறுநாள் அதில் புது வரிகள் முளைக்கும்.

அடிபட்ட காவலாளிகளை யாரும் மறந்துவிடக் கூடாது, கண்ணு. வேலையில் பட்ட காயத்தை முதலாளி 7 நாளுக்குள் நஷ்டஈட்டு நிதிக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்றாம் நாளே கம்பெனிக்கு ஃபோன் போட்டு, மனு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள். எண் இல்லையென்றால் மனு போகவில்லை என்று வைத்துக்கொள்.

மாநகராட்சி ஜனங்களுக்குச் சொல்லும் அறிக்கையில் "பாடம் கற்றோம்" என்று எழுத விடாதே. எந்த வாசல், என்ன மாற்றம், யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று எழுதச் சொல். ஆறு மாதம் கழித்து அதே தாளை எடுத்து, முடிந்தது எது, முடியாதது எது என்று பகிரங்கமாகச் சொல்ல வேண்டும்.

அடுத்த ஆட்டத்துக்கு முன் பதிவு அறைக்குப் போய் அந்தக் கடிகாரத்தைப் பார். நேரம் சரியில்லையென்றால் அன்றே திருத்தச் சொல்லிவிட்டு எனக்கு ஃபோன் பண்ணு.

அன்புடன்,
அம்மா