மேற்பலகை அசையட்டும், மருமகனே

அன்புள்ள மருமகனுக்கு,

மதுரையில் பழைய வீடு இடித்த இடத்தில் தேக்குப் பலகை வாங்கிப் போட்டிருக்கிறாய், மொட்டை மாடியில் நீயே சாப்பாட்டு மேசை செய்யப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். அவ்வளவு சந்தோஷம் எனக்கு. நீ அனுப்பிய வரைபடத்தில் அளவெல்லாம் சரி. ஆனால் மேற்பலகையைச் சுற்றிலும் ஸ்க்ரூ போட்டு, பசையும் தடவி, கால்களை இணைக்கும் சட்டத்தோடு இறுக்கிவிடுவதாக எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் செய்யாதே. பழைய மரம் வாங்கி வைத்திருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

பழைய மரம் இனி எங்கே அசையப் போகிறது என்று கேட்பாய். பாதி சரி. பல வருஷம் காய்ந்த மரம் பச்சை மரம்போல முறுக்கிக்கொள்ளாது. ஆனால் காற்றின் ஈரத்தை வாங்குவதும் விடுவதும் எத்தனை வயதானாலும் நிற்பதில்லை. ஐப்பசி மழையில் நிலையோடு இறுகிக்கொள்ளும் கதவு பங்குனியில் தானாகத் தளர்வதைப் பார்த்திருப்பாய். நீளவாக்கில் இந்த அசைவு கண்ணுக்கே தெரியாது, எல்லாம் குறுக்குவாக்கில்தான். பலகையின் அறுத்த முனையைத் திருப்பிப் பார். மரத்தின் வளையக் கோடுகள் படுத்துக் கிடந்தால், கோடுகள் நிமிர்ந்து நிற்கும் பலகையைவிட அது ஏறக்குறைய இரண்டு மடங்கு அசையும். நிமிர்ந்தவை கிடைத்தால் மேலுக்கு ஒதுக்கி வை. மூன்று அடி அகல மேசை, தேக்காகவே இருந்தாலும், கோடைக்கும் மழைக்கும் நடுவில் ஒன்றிரண்டு நூல் (ஒரு நூல் என்பது அரைக்கால் அங்குலம்) விரிந்து சுருங்கும். அதற்கு இடம் விடாவிட்டால் ஏதோ ஒரு கோடையில் பலகை பிளக்கும், இல்லையென்றால் சட்டத்தின் மூட்டு விட்டுப்போகும்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. சட்டத்தின் உள்பக்கம் நெடுகக் காடி, அதாவது பள்ளக்கோடு, எடு. விரல் நீளத்துக்கு மரக்கட்டைகள் செய்து, ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு நாக்கு விடு. நாக்கு காடிக்குள் இருக்கட்டும், கட்டையை மேற்பலகையின் அடியில் ஸ்க்ரூ போட்டுப் பிடி. பலகை மேலே எழும்பாது, ஆனால் நகரும். நீளச் சட்டங்களில் நாக்கு காடியின் அடிவரை முட்டாமல் ஒரு நூல் இடைவெளி வேண்டும். குறுக்குச் சட்டங்களில் நடுவே மட்டும் ஒரு ஸ்க்ரூ இறுக்கிக்கொள், பலகை நடுவிலிருந்து இரு பக்கமும் சமமாக ஓடும்.

இழைப்புளியைத் தொடும் முன் பலகை முழுக்க ஒரு காந்தத்தை ஓட்டிப் பார். பழைய மரத்துக்குள் ஒடிந்த ஆணி ஒன்றாவது இருக்கும், அதில் பட்டால் இழைப்புளியின் தகடு போய்விடும்.

பலகைகளை ஒட்டும் இடம்தான் இந்த வேலையிலேயே எனக்குப் பிடித்தது. பக்கத்துப் பக்கத்துப் பலகைகள் இரண்டைப் புத்தகம்போல மடித்து ஒன்றாகப் பிடித்து, இரண்டு விளிம்பையும் சேர்த்தே இழை. கை கொஞ்சம் சாய்ந்தாலும், விரித்து வைக்கும்போது ஒன்றின் கோணலை மற்றது சரிசெய்துவிடும். அப்புறம் ஒன்றன்மேல் ஒன்றை நிறுத்தி, பின்னால் டார்ச் அடித்துப் பார். முனைகளில் வெளிச்சம் தெரிந்தால் திரும்ப இழை. நடுவில் மட்டும் மயிரிழை வெளிச்சம் தெரிந்தால் நல்லது, கிளாம்ப் அதை மூடிவிடும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, அதனால் இழைத்த அன்றைக்கே ஒட்டிவிடு. நீளவாக்கில் ஒழுங்காக ஒட்டிய மூட்டுக்கு ஆணி தேவையே இல்லை.

உயரம் 30 அங்குலம் போட்டிருக்கிறாய், சரி. ஆனால் ஆச்சி நாற்காலியிலும் சம்மணம் போட்டுத்தான் உட்காருவாள். சட்டத்தின் அகலம் மூன்று அங்குலத்தைத் தாண்டினால் முழங்கால் இடிக்கும்.

மெருகுக்கு அரக்கு பாலிஷ் வேண்டாம், சூடான ரசச் சட்டி வைத்தால் வெள்ளை வளையம் விழும். ஆளிவிதை எண்ணெய் பூசுவதானால் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதே, அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். விரித்துக் காயப்போடு. எதைப் பூசினாலும் அடிப்பக்கமும் அதே அளவு பூசு, ஒரு பக்கம் மட்டும் பூசினால் பலகை வளையும்.

ஒட்டும் நாளை முன்கூட்டியே சொல். என்னிடமிருக்கும் நீளக் கிளாம்ப்களை எடுத்துக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
மாமா