‘எல்லாம் அடக்கம்’ என்று எழுதும் முன்: சேலத்துப் பயண முகவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சேலத்திலும் சுற்றுவட்டாரத்திலும் டிராவல்ஸ் நடத்தும் நண்பர்களுக்கும், கம்பெனி டீலர்களைக் கூட்டமாக அழைத்துப் போகும் ஏற்பாட்டாளர்களுக்கும் வணக்கம்.

நீங்கள் கொடுக்கும் கப்பல் பயணக் கொட்டேஷன் பற்றியே இந்த மடல். சிங்கப்பூரிலிருந்து மூன்று இரவு, சென்னையிலிருந்து இரண்டு இரவு என்று வாட்ஸ்அப்பில் வரும் நோட்டீஸில் ஒரு தொகையும், அதன் கீழே ‘எல்லாம் அடக்கம்’ என்ற இரண்டு சொற்களும் இருக்கின்றன. எந்தக் கப்பலிலும் எல்லாமும் அடங்குவதில்லை. கடைசி நாள் காலை கப்பல் கணக்கில் நிற்கும் தொகையைப் பார்த்துத்தான் குடும்பங்களுக்கு அது புரிகிறது. அதற்குள் உங்கள் பெயர் கெட்டுவிடுகிறது. அந்த இரண்டு சொற்களை எடுத்துவிட்டு, புறப்படுவது முதல் வீடு திரும்புவது வரை ஆகும் செலவை ஒரே தாளில் தமிழில் எழுதிக் கொடுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறோம்.

முதல் குழப்பம் அறையிலேயே ஆரம்பிக்கிறது. நம் ஊர்க்காரருக்குப் பழகியது ஏற்காட்டு விடுதிக் கணக்கு. அங்கே வாடகை அறைக்கு. கூட ஒரு ஆள் வந்தால் மெத்தைக்குத் தனியாகக் கொஞ்சம் கொடுத்தால் போதும். கப்பலில் விலை ஆளுக்கு. அதுவும் ஓர் அறையில் இரண்டு பேர் என்று வைத்துப் போட்ட விலை. தனியாகப் போகும் ஒருவர் பெரும்பாலும் ஏறக்குறைய இரண்டு ஆள் கட்டணம் கட்ட வேண்டும். மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் குறைவு, சில சீசனில் இலவசம்கூட. ஆனால் துறைமுகக் கட்டணமும் வரியும் எல்லாருக்கும் உண்டு, கைக்குழந்தைக்கும் உண்டு. ‘பிள்ளைகள் இலவசம்’ என்று எழுதும்போது இந்த வரியை விட்டுவிடுவதுதான் பிறகு சண்டையாகிறது. இரண்டு பேர் அறையில் பாயை விரித்து மூன்றாவது ஆளைப் படுக்க வைக்கவும் முடியாது. உயிர்காப்புப் படகில் இத்தனை பேர் என்று கணக்கிட்டே அறையில் எத்தனை பேர் என்று முடிவு செய்திருப்பார்கள்.

விலை குறைவாகத் தெரியும் அறைகளில் ஒரு வகை உண்டு. எந்த அறை என்று நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது; அறை எண்ணைக் கப்பல் கம்பெனி பிறகுதான் ஒதுக்கும். அப்பா அம்மா ஒரு தளத்திலும் பிள்ளைகள் ஐந்து தளம் தள்ளியும் விழ வாய்ப்புண்டு. வயதானவர்களோடு போகும் குடும்பத்துக்கு அதை விற்கிறீர்கள் என்றால், முன்பே சொல்லிவிட்டு விற்கவும்.

கட்டணத்தில் அடங்குபவை இவை: அறை, முக்கிய உணவரங்கிலும் பஃபேயிலும் மூன்று வேளைச் சாப்பாடு, அங்கே கிடைக்கும் குடிநீர், டீ, சாதாரண காபி, மேடை நிகழ்ச்சிகள், நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், பெரும்பாலான கப்பல்களில் குழந்தைகளுக்கான விளையாட்டு அறை. சாப்பாட்டு விஷயத்தில் கவலை வேண்டாம். ஒரு பைசா கூடுதலாகக் கொடுக்காமல் வயிறார உண்ணலாம். சிங்கப்பூர், சென்னைக் கப்பல்களில் சைவமும் இந்தியச் சமையலும் இருக்கும். வெங்காயம், பூண்டு சேர்க்காத ஜைன உணவு வேண்டுமானால் பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுக்க வேண்டும். கப்பலில் ஏறிய பிறகு கேட்டால் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

இனி கூடுதல் செலவுகள். இவற்றில் பெரியது டிப்ஸ். நம் ஊரில் டிப்ஸ் என்றால் மனசுக்குப் பட்டதைத் தட்டில் வைப்பது. கப்பலில் அது ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று கணக்கில் தானாகவே ஏறும் தொகை. சர்வதேசக் கப்பல்களில் பொதுவாக 16 முதல் 20 அமெரிக்க டாலர். பெரிய சூட் அறைகளுக்கு இன்னும் அதிகம். 18 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர், மூன்று இரவு: 216 டாலர். டாலர் 90 ரூபாய் என்று போட்டால் 19,440 ரூபாய். பல கம்பெனிகள் குழந்தைக்கும் இதே தொகையை வாங்குகின்றன. இது பயணிக்கு அதிர்ச்சியாக வரக் கூடாத செலவு. பதிவு செய்யும்போதே முன்கூட்டிக் கட்டும் வசதி பெரும்பாலான கப்பல்களில் உண்டு. அப்படிக் கட்ட வைத்து உங்கள் கொட்டேஷனிலேயே சேர்த்துவிடுங்கள். உங்கள் விலை பக்கத்துக் கடையைவிட அதிகமாகத் தெரியும்தான். அதற்காகத்தான் இந்த மடலை ஒருவருக்கு எழுதாமல் எல்லாருக்கும் எழுதுகிறோம். எல்லாரும் சேர்த்தே எழுதினால் யாருக்கும் நஷ்டமில்லை.

அடுத்தது பானங்கள். கோக், டின் ஜூஸ், இயந்திரக் காபி, மது எல்லாம் தனி விலை. ஒவ்வொரு கோப்பைக்கும் 18 முதல் 20 விழுக்காடு சேவைக் கட்டணம் தானாகச் சேரும். மதுப் பேக்கேஜ் விற்கும்போது இரண்டு விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். ஓர் அறையில் ஒரு பெரியவர் வாங்கினால் அதே அறையிலுள்ள மற்றப் பெரியவரும் வாங்க வேண்டும் என்பது பல கம்பெனிகளின் விதி. கணவர் குடிப்பவர், மனைவி குடிக்காதவர் என்றால் செலவு இரட்டிப்பாகிறது. இன்னொன்று, எத்தனை கோப்பை குடித்தால் பணம் தேறும் என்ற கணக்கு. நாளுக்கு 70 டாலர் பேக்கேஜ், 18 விழுக்காடு சேர்த்து 82.60. ஒரு கோப்பை 12 டாலர் என்றால் சேவைக் கட்டணத்தோடு 14.16. ஆக, நாளுக்கு ஆறு கோப்பை குடித்தால்தான் கட்டுப்படியாகும். துறைமுகத்தில் இறங்கிச் சுற்றும் நாளில் ஆறு கோப்பை யாரும் குடிப்பதில்லை. மூன்று இரவுப் பயணத்துக்குத் தேவையானதைத் தனித்தனியாக வாங்குவதே நல்லது என்பது எங்கள் கருத்து.

இணையம் கருவிக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு என்று விற்கப்படுகிறது. ஏறும் முன்பே கப்பலின் செயலியில் வாங்கினால் பெரும்பாலும் விலை குறைவு. இதைவிட ஆபத்தானது செல்போன். கரையை விட்டு விலகியதும் போன் தானாகவே கப்பலின் செயற்கைக்கோள் நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும். சாதாரண வெளிநாட்டு ரோமிங் பேக்கில் அது பெரும்பாலும் அடங்காது. பையில் சும்மா கிடக்கும் போன்கூட டேட்டா இழுத்து ஆயிரக்கணக்கில் பில் போட்டுவிடும். கப்பல் நகரும் முன் ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு, வைஃபையை மட்டும் தனியாகத் திறக்க வேண்டும். இந்த ஒரு வரியைத் தாளின் தலைப்பிலேயே தடித்த எழுத்தில் போடுங்கள்.

தனிச் சிறப்பு உணவகங்கள், ஸ்பா, சூதாட்டக் கூடம், கப்பல் போட்டோகிராபர் எடுத்துத் தொங்கவிடும் படங்கள், துணி துவைப்பு ஆகிய எல்லாம் தனிக் காசு. வேண்டாமென்றால் ஒரு ரூபாயும் ஆகாது. எனவே விரிவாக எழுத வேண்டியதில்லை.

துறைமுகங்களில் இறங்குவது விரிவாகச் சொல்ல வேண்டியது. கப்பல் கம்பெனி விற்கும் கரைச்சுற்றுலா கட்டணத்தில் அடங்காது, எல்லா இடத்திலும் அது தேவையும் இல்லை. மலேசியாவின் பினாங்கில் கப்பல் நிற்கும் ஸ்வெட்டென்ஹாம் துறை ஜார்ஜ் டவுன் நகரை ஒட்டியே இருக்கிறது. அங்கிருந்து லிட்டில் இந்தியாவுக்கும் குயின் தெரு மகா மாரியம்மன் கோயிலுக்கும் நடந்தே போகலாம். வழி கேட்கத் தமிழும் போதும். அங்கே போக ஆளுக்குப் பல டாலர் கொடுத்துப் பஸ் ஏறுவது வீண். போர்ட் கிள்ளானில் கதை வேறு. கோலாலம்பூரோ பத்துமலையோ போய்வரச் சாலையில் போக மட்டுமே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், நெரிசலில் இன்னும் கூடும். சொந்தமாக டாக்சி பிடித்துப் போனவர் தாமதமாக வந்தால் கப்பல் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில் போய்ச் சேர வேண்டும். கப்பல் கம்பெனியின் பஸ்ஸே தாமதமானால் காத்திருப்பார்கள். கூடுதல் விலைக்கு உண்மையில் வாங்குவது அந்த உறுதியைத்தான். தூரம் போனால் கப்பல் பஸ். பக்கத்தில் என்றால் நடை.

புக்கெட்டில் கடிகாரத்தைப் பற்றி எச்சரிக்க வேண்டும். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி பின்தங்கியது. கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடினால், கப்பலில் மாலை 5 ஆகும்போது கரையில் உங்கள் போன் 4 என்று காட்டும். போனை நம்பி வந்தவர் கப்பலைத் தவறவிடுவார். இறங்கும் முன் கப்பல் நேரத்துக்கு வைத்த கைக்கடிகாரம் ஒன்று குடும்பத்தில் யாரிடமாவது இருக்கட்டும்.

துறைமுகம் ஒன்றைக் கப்பல் விட்டுவிட்டுப் போகவும் விதியில் இடமுண்டு. 2022 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட கப்பலுக்குப் புதுச்சேரியில் நிற்க அனுமதி கிடைக்கவில்லை. இப்படி ஆனால் பெரும்பாலும் அந்தத் துறைமுகக் கட்டணம் மட்டுமே திரும்பும், பயணக் கட்டணம் திரும்பாது. ‘இந்த ஊரைக் கட்டாயம் பார்ப்பீர்கள்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

விசா, வரி விஷயத்தில் சிங்கப்பூர் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியவை சில. கப்பல் மலேசியா போய்த் திரும்புவது சிங்கப்பூருக்குள் இரண்டாவது நுழைவு. பலமுறை நுழையும் விசா வேண்டும். சிங்கப்பூர் வருகை அட்டையை வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல. பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்ல வேண்டும். வெளிநாட்டுப் பேக்கேஜுக்கு ஜி.எஸ்.டி.யோடு டி.சி.எஸ். என்ற வருமான வரிப் பிடித்தமும் உண்டு. அதன் வரம்பும் விகிதமும் மாறிக்கொண்டே வருகின்றன. 2025 ஏப்ரலில் வரம்பு 7 லட்சத்திலிருந்து 10 லட்சமானது. எனவே பில் போடும் நாளில் நடப்பிலுள்ள விகிதத்தை எழுதுங்கள். ஜி.எஸ்.டி. போனது போனதுதான். டி.சி.எஸ். அப்படியல்ல, பான் எண்ணைச் சரியாகக் கொடுத்திருந்தால் அவரவர் வருமான வரிக் கணக்கில் தெரியும், கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். இதைத் தெரியாமல் செலவாக நினைத்து விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

சிங்கப்பூர்க் கப்பல்களில் கணக்கு அமெரிக்க டாலரிலோ சிங்கப்பூர் டாலரிலோ ஓடும். நம் கார்டைத் தேய்த்தால் வங்கி 3.5 விழுக்காடு வரை நாணய மாற்றுக் கட்டணம் எடுக்கும், அதன் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.; மொத்தம் 4.13. டெபிட் கார்டு கொடுத்தால் வைப்புத் தொகை என்று ஒரு பகுதியைப் பிடித்து வைப்பார்கள். பயணம் முடிந்தும் அது திரும்ப நாளாகும். கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு திறந்திருக்கிறதா என்று சேலத்திலேயே வங்கிச் செயலியில் பார்த்துவிட வேண்டும். கடைசி இரவே கணக்கை வாங்கிப் பார்த்து, தவறு இருந்தால் அன்றே வரவேற்பு மேசையில் கேட்க வேண்டும். இறங்கிய பிறகு திருத்துவது நீண்ட கடிதப் போக்குவரத்து.

கப்பல் மருத்துவர் இலவசம் அல்ல. பார்ப்பதற்கே 100 டாலருக்கு மேல் ஆகலாம்; முதலில் கட்டிவிட்டுப் பிறகு காப்பீட்டில் கேட்க வேண்டும். கப்பல் பயணத்தையும் அவசர மருத்துவ இடமாற்றத்தையும் ஏற்கும் பாலிசியாகப் பார்த்து விற்கவும். கர்ப்பிணிக்கு 24 வாரம் தொட்டுவிட்டால் பெரும்பாலான கப்பல்கள் ஏற்றாது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையையும் ஏற்றாது. துறைமுகத்தில் திருப்பி அனுப்பினால் பணம் திரும்பாது. முன்பணம் வாங்கும் முன் இந்த இரண்டு கேள்வியையும் கேட்டாக வேண்டும்.

சேலத்திலிருந்து கப்பல் வாசல் வரையுள்ள செலவும் தாளில் வர வேண்டும். திருச்சிக்கோ கோவைக்கோ வண்டி, அங்கிருந்து சிங்கப்பூர் விமானம், அதில் பெட்டிக்கும் சாப்பாட்டுக்கும் தனிக் காசு. கப்பல் புறப்படும் நாளிலேயே போய் இறங்கும் விமானத்தில் ஏற்றாதீர்கள். விமானம் மூன்று மணி தாமதமானால் கப்பல் போய்விடும். முந்தைய நாள் போய் ஓர் இரவு தங்கும் செலவைச் சேர்த்தே சொல்லுங்கள். ‘நான்கு பகல், மூன்று இரவு’ என்பதிலும் முதல் நாள் மதியத்துக்கு மேல்தான் ஏறுவது, கடைசி நாள் காலையே இறங்குவது; முழுப் பகல் இரண்டுதான்.

பெட்டியில் இஸ்திரிப் பெட்டி, மின்சாரக் கெட்டில், ரைஸ் குக்கர் வேண்டாம். எடுத்து வைத்துக்கொண்டு கடைசி நாள்தான் தருவார்கள். வீட்டில் கட்டிய புளியோதரைக்குப் பெரும்பாலும் அனுமதியில்லை. கடையில் மூடி முத்திரையிட்ட தட்டுவடைப் பாக்கெட் பெரும்பாலும் தடையின்றிப் போகும். சீசனில் மல்கோவாவைப் பையில் போட்டுக்கொண்டு துறைமுகத்தில் இறங்கவும் கூடாது.

தாளை எப்படிப் போடுவது என்று கேட்டால், மூன்று பத்தி போதும். சேலத்தில் உங்களிடம் கட்டுவது. கப்பலில் கட்டாயம் ஆவது. வேண்டுமானால் மட்டும் ஆவது. கீழே ரத்துக் கெடு: எந்தத் தேதிக்குள் ரத்துச் செய்தால் எத்தனை ரூபாய் திரும்பும் என்று, விழுக்காட்டில் இல்லாமல் ரூபாயில். அதில் கப்பல் கம்பெனி பிடிப்பது எவ்வளவு, உங்கள் சேவைக் கட்டணம் எவ்வளவு என்பதும் தனித்தனியாக இருக்கட்டும்.

டீலர் டூர் ஏற்பாட்டாளர்களுக்குத் தனியாக ஒன்று. நாற்பது டீலர்களைக் கம்பெனி செலவில் அழைத்துப் போகும்போது டிப்ஸை யார் கட்டுவது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். 40 பேர், மூன்று இரவு, 18 டாலர் என்றால் 2,160 டாலர். எழுதவில்லை என்றால் அது ஒவ்வொரு டீலரின் அறைக் கணக்கிலும் விழும்.

அன்புடன்,
கப்பல் பயணக் கட்டணங்களோடு தொழில் தொடர்புடைய சேலத்துக்காரர்கள் சிலர்