டைரியின் கடைசிப் பக்கம்

வேதாரண்யம்
24.10.2021, ஞாயிறு

அன்புள்ள மல்லிகா,

பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு ஐப்பசியில் பதில் எழுதுகிறேன். திட்ட வேண்டியதையெல்லாம் திட்டிவிட்டு மேலே படி. நடுவில் போனில் பேசினோமே என்று சொல்லாதே. நீ வேலையில் இருக்கும்போது நான் கூப்பிடுவதும், நான் ஊசியும் கையுமாக நிற்கும்போது நீ கூப்பிடுவதும், "சரி, ராத்திரி பேசலாம்" என்று இருவரும் வைத்துவிடுவதும் பேச்சில் சேராது. அண்ணனுக்கு முட்டிவலி தேவலையா? சின்னவனுக்கு நீட் முடிவு வந்ததும் எனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். இங்கே எல்லோரும் சுகம். அம்மா இன்னமும் "கத்தரிக்காய் எப்படி இருக்கிறாள்?" என்றுதான் உன்னை விசாரிக்கிறாள். அந்தப் பெயர் இந்த ஜென்மத்தில் உன்னை விட்டுப் போகாது.

போன வியாழக்கிழமை நாடு முழுக்கக் கொரோனா தடுப்பூசி 100 கோடித் தவணை ஆகிவிட்டது என்று கொண்டாடினார்களே, எங்கள் சுகாதார நிலையத்திலும் இனிப்பு கொடுத்தார்கள். சந்தோஷமாக வாங்கிச் சாப்பிட்டேன். ஜனவரி 16ஆம் தேதி தொடங்கியது ஒன்பது மாதத்தில் இங்கே வந்து நிற்கிறது என்றால் சும்மாவா? பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்தும் அம்மைத் தடுப்பூசியும் போட்டுப் பழகிய கைகள்தானே நாம். ஒரு தேசத்தின் பெரியவர்கள் அத்தனை பேருக்கும் ஊசி போடுவோம் என்று படிக்கிற காலத்தில் நினைத்தாவது பார்த்திருப்போமா?

அன்று மாலையே ஆய்வுக் கூட்டம். அதில் ஒருவர், யார் என்பது வேண்டாம், "மக்கள் மட்டும் ஆரம்பத்திலேயே ஒத்துழைத்திருந்தால் இதை எப்போதோ முடித்திருக்கலாம்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. ஆனால் வாயையும் திறக்கவில்லை. அன்றிலிருந்து மூன்று ராத்திரியாகத் தூக்கம் பிடிக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அவர் சொன்னது அத்தனையும் பொய் என்று சொல்லமாட்டேன். மார்ச் மாதம் உனக்கு நினைவிருக்கும். 60 வயது தாண்டியவர்களுக்கும், சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ள 45 வயதுக்காரர்களுக்கும் போடலாம் என்று வந்தது. கோவிஷீல்டு தடுப்பூசி குளிர்பெட்டியில் இருந்தது, ஆள்தான் இல்லை. ஒரு குப்பியைத் திறந்தால் 10 பேர் வேண்டும், 4 மணி நேரத்துக்குள் வேண்டும். ஏழு பேரை உட்கார வைத்துவிட்டு, இன்னும் மூன்று பேருக்காகத் தெருமுனை வரை ஓடியிருக்கிறேன். ஏப்ரலில் நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்ட இரண்டாம் நாள் இறந்துபோனார். அவர் ஊசி போட்டதே நம்மைப் போன்றவர்கள் வேலை சுலபமாகட்டும் என்றுதான். அந்த நல்ல மனிதரின் சாவு எங்கள் ஊரில் ஒவ்வொரு வாசலிலும் வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று அப்போதே சொன்னார்கள்தான். தேசியக் குழு முழுதாக ஆராய்ந்து முடிவைச் சொன்னது இந்த மாதம்தான். ஆறு மாதம்! அந்த ஆறு மாதமும் வாசலில் நின்று பதில் சொன்னது நீயும் நானும்.

ஆனால் மல்லிகா, பயம் மட்டும்தான் காரணமா? உப்பளத்துக்குப் போகிறவர்களிடம் நான் உட்கார்ந்து கேட்டேன். அவர்கள் விடியற்காலை இரண்டு, மூன்று மணிக்குக் கிளம்பிப்போய் வெயில் ஏறுவதற்குள் வாரிவிட்டுத் திரும்புகிறவர்கள். ஒரு பெண் என்னிடம், "நர்சம்மா, காய்ச்சல் வரும் என்று நீங்களே சொல்கிறீர்கள். இரண்டு நாள் படுத்தால் அந்தக் கூலியை யார் கொடுப்பார்கள்?" என்று கேட்டாள். இதில் மூடநம்பிக்கை எங்கே இருக்கிறது? மார்ச்சிலிருந்து உப்பு விளைகிற காலம். மழை இறங்கிவிட்டால் பாத்தி மூழ்கிவிடும், அதன்பின் மாதக்கணக்கில் வருமானம் கிடையாது. அந்தச் சில மாதத்தில்தான் அவர்கள் வருடத்தையே சம்பாதிக்க வேண்டும். அதே மாதங்களில்தான் நாமும் போய்க் கையை நீட்டு என்றோம்.

கஜா புயலில் கடல் கொண்டுவந்து கொட்டிய சேறு பாத்தியெல்லாம் மூடிக் கிடந்தபோது இதே மக்கள்தான் என்னோடு வந்து மருந்துக் கேரியரைத் தோளில் சுமந்தார்கள். மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாத அந்த நாட்களில், பிள்ளைகளின் தடுப்பு மருந்து கெட்டுவிடக் கூடாது என்று விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டிப் போனோம். அவர்களைப் போய் ஒத்துழைக்காதவர்கள் என்று சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்?

மே மாதத்துக்கு வருகிறேன். எழுத வந்ததே அதைத்தான்.

இரண்டாம் அலை எங்கள் பக்கம் வந்து நாலு வீட்டில் சாவு விழுந்ததும் ஒரே வாரத்தில் எல்லாம் தலைகீழ். காலை ஏழு மணிக்கே வரிசை. 18 வயதுக்கு மேல் எல்லோருக்கும் மே 1ஆம் தேதி முதல் உண்டு என்று அறிவித்தாகிவிட்டது. ஆனால் குப்பி எங்கே? உற்பத்தியில் பாதி மத்திய அரசுக்கு, கால் பங்கு மாநிலங்களுக்கு, கால் பங்கு தனியாருக்கு என்று பிரித்தார்கள். மாநிலங்கள் விலைக்கு வாங்கத் தேடி அலைந்தன. ஜூன் 21 முதல் முக்கால் பங்கையும் மத்திய அரசே வாங்கி இலவசமாகத் தரும் என்று ஆன பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. நடுவில் கோவிஷீல்டு இரண்டாம் தவணைக்கு இடைவெளி 12 முதல் 16 வாரம் என்று மாற்றினார்கள். "கையிருப்பு இல்லாததால் தள்ளிப் போடுகிறீர்கள்" என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். இடைவெளி கூடினால் எதிர்ப்பு நன்றாக வருகிறது என்று ஆய்வு இருப்பதைச் சொன்னேன். காலிப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைச் சொன்னால் எடுபடுமா?

இன்னொன்றையும் நினைத்துப் பார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில், ஆண்களெல்லாம் வீட்டில். அந்த நாட்களில் வாரம் பத்துக் குப்பி வந்திருந்தாலும் எங்கள் கடற்கரைக் குப்பங்களை முடித்திருப்பேன். மருந்து வந்தபோது அவர்கள் கடலுக்குப் போய்விட்டார்கள்.

அந்த மே மாதத்தில் ஒருவர் வந்தார். உப்பளத் தொழிலாளி, ஐம்பத்திரண்டு வயது. முதல் நாள் அவருக்கு முன்னால் நின்றவரோடு குப்பி முடிந்தது. இரண்டாம் முறை, முகாம் இல்லை என்ற தகவலே அவருக்குப் போய்ச் சேரவில்லை, நடந்தே வந்துவிட்டார். மூன்றாம் முறை முழு ஊரடங்கு, வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி விசாரித்திருக்கிறார்கள். அப்போதும் மருந்து இல்லை. அவர் கோபப்படவில்லை. "என் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள் நர்சம்மா, வந்ததும் சொல்லிவிடுங்கள்" என்றார். பதிவேட்டில் ஊசி போட்டவர்களுக்குக் கட்டம் இருக்கிறது, திரும்பிப் போனவர்களுக்கு இல்லை. அதனால் என் டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். அதன்பின் அந்த மாதம் யார் திரும்பிப் போனாலும் அதே பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தேன். மொத்தம் 41 பெயர்.

ஜூன் முதல் வாரத்தில் அவர் இறந்துவிட்டார். பன்னிரண்டு நாள் ஆக்சிஜனில் இருந்தாராம்.

இதை யாரிடமும் சொல்லவில்லை, என் வீட்டுக்காரரிடம்கூட. ஜூலையில் அவர் மனைவிக்கு ஊசி போட நானே வீட்டுக்குப் போனேன். போட்டு முடித்து அரை மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டுமே, அப்போது அவள், "அவர் பெயரை எழுதி வைத்தீர்களாமே, எங்கே?" என்று கேட்டாள். டைரியைத் திறந்து காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. "இதில் எது?" என்றாள். முதல் வரியைத் தொட்டுக் காட்டினேன். அந்த வரி முடிகிற வரை விரலை மெதுவாக வைத்து நகர்த்திப் பார்த்துவிட்டு, டைரியை மூடிக் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். நான் அரை மணி நேரம் முடிகிற வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

ஆக, ஒத்துழைக்கவில்லை என்கிறவர்களிடம் நான் காட்ட வேண்டியது இந்தப் பக்கத்தைத்தான். மாட்டேன் என்றவர்களைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். வந்து நின்று திரும்பிப் போனவர்களை யார் கணக்கெடுத்தார்கள்?

சரி, உங்கள் ஊர்ப் பெருமையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வாய். மே மாதத் தொடக்கத்தில் கேரளத்துக்கு வந்தது 73,38,806 தவணை, போட்டது 74,26,164 என்று செய்தி வந்ததே, அதைப் படித்ததும் உன் கைதான் கண்முன் வந்தது. 10 பேருக்கான குப்பியில் கொஞ்சம் கூடுதலாக நிரப்பியிருப்பார்கள். கை சுத்தமாக இருந்தால் 11ஆவது ஆளுக்கும் கிடைக்கும். நாம் படிக்கும்போது பெரிய டீச்சர் வெறும் தண்ணீரை வைத்துக்கொண்டு, ஒரு குமிழி வந்தாலும் மறுபடி எடு, மறுபடி எடு என்று நம்மை அழ வைத்தது இதற்குத்தான் போலிருக்கிறது. ஆனால் ரொம்பவும் நிமிர்ந்துகொள்ளாதே. ஜூன் மாதம் நானும் ஒவ்வொரு குப்பியிலும் 11 எடுத்தேன். குப்பியைக் கண்ணுக்கு நேராகத் தலைகீழாகப் பிடித்து, ஊசி முனையை ரப்பர் மூடியின் ஓரத்துக்கு இழுத்து, கடைசிச் சொட்டு இறங்குகிற வரை மூச்சை அடக்கி நின்றால் சரியாக 0.5 மில்லி வந்து நிற்கும். அப்படிக் கிடைத்த 11ஆவது ஊசிகளெல்லாம் என் கடைசிப் பக்கத்துக்குத்தான் போயின.

நேற்று ஆறாவது மெகா தடுப்பூசி முகாம். செப்டம்பர் 12ஆம் தேதி முதல் முகாமில் மாநிலம் முழுக்க 40,000 இடங்கள், 20 லட்சம் இலக்கு வைத்து 28 லட்சத்துக்கு மேல் போட்டோமே, அன்றைக்கு ராத்திரி கட்டைவிரல் மடங்கவில்லை எனக்கு. இதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்ததை இந்த முறை சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். ஊசி போட்டால் கறி சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது என்று நம்பிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை நிறையப் பேர் வருவதில்லை. அதை யாரோ காது கொடுத்துக் கேட்டு நாளை மாற்றினார்கள் பார், அதுதான் எனக்குப் பிடித்தது. ஆறு மாதத்துக்கு முன்பு இப்படி உப்பளத்துக்கும் கடலுக்கும் தகுந்தாற்போல் நேரத்தை மாற்றியிருக்கலாம்.

நேற்று விடியற்காலையிலிருந்து மழை. ஐஸ் பேக்கை எடுத்து மேஜையில் பரப்பி, காதோரம் வைத்துக் குலுக்கி, உள்ளே தண்ணீர் சலசலக்கும் வரை காத்திருந்து கேரியரில் அடுக்கினேன். அவசரப்பட்டு அப்படியே வைத்தால் மருந்து உறைந்து வீணாகிவிடும் என்று இப்போது வந்த பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மழையால் உப்பளத்தில் வேலை இல்லை. மே மாதத்தில் வேலையை விட்டு வந்து திரும்பியவர்களும், கூலி போகும் என்று வராமலிருந்தவர்களும் நேற்று தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு சேர்ந்தே வந்தார்கள். காய்ச்சல் மாத்திரையை எண்ணிக் கையில் கொடுத்தேன். கடைசிப் பக்கத்தில் முதல் தவணை பாக்கியிருந்த ஒரே கிழவரும் நேற்று போட்டுக்கொண்டார். 41 பேரில் இரண்டு பேர் இறந்துவிட்டார்கள், 39 பேருக்கும் முதல் தவணை முடிந்தது. இரண்டாம் தவணை எட்டுப் பேருக்குப் பாக்கி. அதில் ஏழு பேர் இங்கேயே இருக்கிறார்கள், அவர்களை நான் பார்த்துக்கொள்வேன்.

எட்டாவது ஆள் உன் பக்கத்தில் இருக்கிறாள். இருபத்திரண்டு வயதுப் பெண். மே கடைசியில் இரண்டு மாதக் கர்ப்பிணியாக வந்தாள். அப்போது கர்ப்பிணிகளுக்குப் போட அனுமதி இல்லை, திருப்பி அனுப்பினேன். ஜூலை 2ஆம் தேதி அனுமதி வந்ததும் மாமியாரிடம் மூன்று நாள் மன்றாடி, ஜூலை 26 அன்று கோவிஷீல்டு போட்டேன். 84 நாள் கணக்குப் போன திங்கட்கிழமையே முடிந்துவிட்டது. மழை தொடங்கியதும் புருஷன் பாலக்காட்டில் ஓர் அரிசி ஆலையில் வேலைக்குச் சேர்ந்து அவளையும் அழைத்துப் போய்விட்டான். இப்போது ஏழு மாதம். இரண்டாம் தவணையை எந்த மாநிலத்திலும் போடலாம், முதல் ஊசிக்குக் கொடுத்த அதே போன் எண் போதும். ஆனால் அவளுக்கு மலையாளம் ஒரு வார்த்தை வராது, ஆலையை விட்டு வெளியே வரவே பயப்படுகிறாள்.

அவள் பெயர், போன் எண், ஆலை இருக்கும் இடம் எல்லாம் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். நீயே நேரில் போ, வேறு யாரையும் அனுப்பாதே. "வேதாரண்யத்து நர்சம்மா அனுப்பினாள்" என்று சொன்னால் வருவாள். இரத்தம் குறைவாக இருந்தது, அப்படியே இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறாளா என்றும் பார்.

செவ்வாய்க்கிழமை மறுபடி ஆய்வுக் கூட்டம். டைரியைக் கொண்டுபோய் அந்தப் பக்கத்தை வாசிக்கப் போகிறேன். வேண்டாம் என்று நீ சொல்வதற்குள் கூட்டம் முடிந்திருக்கும்.

ஊசி போட்ட தேதியை மறக்காமல் அனுப்பு, அவள் பெயருக்கு எதிரே எழுத வேண்டும்.

உன்
விஜி