நெறி எடுத்த இடத்தை எதை வைத்து மூடுவார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு மருத்துவப் பக்கத்தில் ஒரு வாசகி, கணவருக்குக் காலில் புற்றுநோய், தொடையிடுக்கில் நெறி (நிணநீரை வடிகட்டும் கணு) கட்டியிருக்கிறது, அதையும் எடுக்க வேண்டும் என்கிறார்கள், பயமாக இருக்கிறது என்று கேட்டிருந்தார். நீங்கள் போட்ட பதில் நாலே வரி. நெறியை எடுத்துத் தைத்துவிடுவார்கள், பயப்பட ஒன்றுமில்லை, அவ்வளவுதான். அதே பக்கத்தில் கீழே பிளாஸ்டிக் சர்ஜரி பற்றி ஒரு துணுக்கு, நடிகைகளின் மூக்கு, உதடு படத்தோடு. எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அந்த அம்மா போய்ப் பார்க்க வேண்டிய டாக்டர் அந்தத் துணுக்குக்குள்தான் இருக்கிறார்.

நாங்கள் யாங்கோன்வாசிகள் (எழுதுவது யாங்கோன், வாயில் வருவது ரங்கூன்தான்). அண்ணன் தையல்காரர். ஐந்து வயதில் வெந்நீர் அண்டா கவிழ்ந்து இடது கெண்டைக்கால் வெந்துபோனது, அந்தத் தழும்போடு 45 வருஷம் ஓட்டிவிட்டார். அப்புறம் தழும்பின் நடுவில் ஒரு புண். மஞ்சள் வைத்தார், வேப்பெண்ணெய் வைத்தார், பக்கத்து வீட்டு பர்மாக்காரம்மா சொல்லி தனாக்காகூட (இங்கே முகத்தில் பூசும் மரப்பட்டைச் சாந்து) அரைத்துப் போட்டார், ஆறவில்லை. பழைய தீப்புண் தழும்பில் பல வருஷம் கழித்துப் புற்று கிளம்பலாம் என்பது டாக்டர்களுக்கு எப்போதோ தெரிந்த விஷயமாம், மார்ஜோலின் புண் என்று பெயரே இருக்கிறது. நமக்கு யார் சொன்னார்கள்? தொடையிடுக்கில் எலுமிச்சம்பழம் அளவுக்கு நெறி கட்டிய பிறகும், தேள் கொட்டினது ஓரிடம், நெறி கட்டினது வேறிடம் என்பார்களே, புண் ஆறினால் இதுவும் வடிந்துவிடும் என்று நாங்களே சொல்லிக்கொண்டோம். ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனது மதினிதான்.

ஒரு ஆஸ்பத்திரியில் கால் புண்ணையும் நெறிகளையும் எடுத்தார்கள். நெறி தோலோடு ஒட்டியிருந்ததால் கொஞ்சம் தோலும் போனது, மிச்சத்தை இழுத்துப் பிடித்துத் தைத்தார்கள். எட்டாம் நாள் தையல் ஓரம் கறுத்தது, பத்தாம் நாள் பிளந்துகொண்டது. அந்த டாக்டரை நான் திட்டவில்லை. எவ்வளவு தேர்ந்த கை செய்தாலும் அந்த இடத்தில் தையல் விடுவது சகஜம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். நெறி இருக்கும் கொழுப்பைச் சுரண்டி எடுக்கும்போது மேல்தோலுக்குப் போகும் சின்னச் சின்ன ரத்தக்குழாய்களும் அறுபடும், அதுபோக அது மடியும் இடம், வியர்க்கும் இடம், கிருமி குடியிருக்கும் இடம். ஆனால் பிளந்தால் என்ன செய்வது என்று யாரும் முன்னாடியே யோசித்து வைக்கவில்லை பாருங்கள், என் மனத்தாங்கல் அதுதான். காலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய்கள் அங்கே நெறிகளுக்குப் பக்கத்திலேயே ஓடுகின்றன. அவை வெளியே தெரிந்து சீழும் பிடித்தால் தமனி வெடித்து நிமிஷக் கணக்கில் ஆளே போய்விடலாம் என்று அடுத்த ஆஸ்பத்திரியில் சொன்னபோது மதினி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அங்கேதான் பிளாஸ்டிக் சர்ஜன் வந்தார். உள்ளே பிளாஸ்டிக் வைப்பார்களா என்று நானே கேட்டிருக்கிறேன், இப்போது நினைத்தால் வெட்கம். அவர் செய்தது இரண்டு வேலை. இடுப்பெலும்பின் முன்பக்கம் தொடங்கித் தொடையைக் குறுக்கே கடந்து முழங்காலுக்கு உள்பக்கம் இறங்கும் நாடா மாதிரியான தசை ஒன்று இருக்கிறது. அதை மேல்முனையில் அறுத்து, உள்பக்கம் திருப்பி, ரத்தக்குழாய்களின் மேல் போர்த்தித் தைத்தார். சம்மணம் போட்டு உட்கார உதவும் தசை என்பதால் அதன் லத்தீன் பெயருக்கே தையல்காரர் தசை என்றுதான் அர்த்தமாம். அண்ணன் அந்த வலியிலும், "அது எங்க ஜாதித் தசை, சரியாத்தான் தைக்கும்" என்றார்.

தோல் இல்லாத இடத்துக்கு, அதே காலின் தொடை வெளிப்பக்கத்திலிருந்து தோலையும் கொழுப்பையும் ஒரு பாளமாக, அதற்குரிய ரத்தக்குழாய் அறுபடாமல், தசைக்கு அடியில் நுழைத்துக் கொண்டுவந்து பதித்தார்கள். மெல்லிசாகச் சீவி ஒட்டும் தோல், கீழே இருக்கும் இடத்திலிருந்து ரத்தம் வாங்கித்தான் பிழைக்க வேண்டும். இது தன் ரத்தத்தைத் தானே கொண்டுவருகிறது, மெத்தையாகவும் இருக்கிறது, கதிர்வீச்சு கொடுத்தாலும் ஓரளவு தாங்கும். சிலருக்கு வயிற்றுத் தசையிலிருந்து எடுப்பார்களாம். முதல் இரண்டு நாள் சயாமா (இங்கே நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவோம்) மணிக்கொரு தரம் வந்து விரலால் அழுத்தி, நிறம் திரும்புகிறதா, சூடு இருக்கிறதா என்று பார்த்தார். இடுப்பை மடக்கக் கூடாது. உள்ளே ஊறும் நீர் வடிய ஒரு டியூப், ஒரு பாட்டில், தினமும் எத்தனை மில்லி என்று என் நோட்டில் கணக்கு. ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே இறங்கிய பிறகுதான் டியூபை உருவினார்கள், அதற்கு மூன்று வாரம் ஆயிற்று.

இப்போது தொடைத்தோல் இடுக்கில் உப்பலாக இருக்கிறது, கைலிக்குள் பர்ஸ் வைத்த மாதிரி. ஆனால் ஆறிவிட்டது. உறவுக்காரர்கள் எங்கே ஆபரேஷன் என்று கேட்டால் வயிற்றில் என்று சொன்னோம், அந்த இடத்தின் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. ஆம்பிளைக்கே இப்படி. பிறப்புறுப்பில் புற்று வந்து இதே நெறியை எடுத்துக்கொள்ளும் பெண்கள் யாரிடம் போய்க் கேட்பார்கள்? டாக்டரிடம் கேட்கவாவது உங்கள் பக்கம் வார்த்தை கொடுத்திருக்கலாம். நெறியை எடுத்தபின் எதை வைத்து மூடுவீர்கள், பிளாஸ்டிக் சர்ஜன் அன்றைக்கே கூட இருப்பாரா, இந்த இரண்டு கேள்வி போதும்.

கால் வீக்கத்தைப் பற்றியும் நீங்கள் மூச்சுவிடவில்லை. நெறி போனால் நிணநீர் வடிய வழி குறைந்து கால் வீங்கலாம், மூடின தோல் அதைச் சரி செய்யாது. தெருவில் யானைக்கால் என்று பேசிக்கொள்கிறார்கள். ஏப்ரல் வெயிலிலும் இறுக்கமான காலுறை போட்டுக்கொண்டுதான் மிஷினை மிதிக்கிறார், ஒரு சின்னக் கீறல் பட்டாலும் காய்ச்சலோடு கால் சிவந்துவிடுகிறது. காலுறைக்காக ஆறு இடத்தில் டேப் வைத்து அளந்தபோது, "முப்பது வருஷமா ஊருக்கெல்லாம் அளவெடுத்தேன், இன்னிக்கு எனக்கு எடுக்கிறாங்க" என்றார்.

உங்கள் மருத்துவரிடம் கேட்கச் சொல்லி அண்ணன் ஒரு கேள்வி கொடுத்திருக்கிறார். நிணநீர்க் குழாயை மைக்ராஸ்கோப் வைத்துப் பக்கத்துச் சிரையோடு இணைக்கிறார்களாமே, வீங்கி மூன்று வருஷம் ஆன காலுக்கு அதனால் பலன் இருக்குமா? வரும் ஞாயிறு பதில் போடுங்கள், நாலு வரிக்குக் கொஞ்சம் கூடுதலாக.

இப்படிக்கு,
தையல்காரரின் தம்பி, யாங்கோன்